கம்பெனி கைவிட்ட போனில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்: போர்ட் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. திரை நன்றாக இருக்கிறது, சார்ஜும் நிற்கிறது. ஆனால் அப்டேட் வருவது நின்று பல வருடம் ஆகிவிட்டது, பாதி ஆப்கள் இப்போது நிறுவவே மறுக்கின்றன. அந்த போனில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டுவர முடியுமா? ஆதரவுப் பட்டியலில் அந்த மாடல் இல்லையென்றால் நாமே எப்படிப் போர்ட் செய்வது, அதாவது அந்த மாடலில் ஓடும்படி எப்படி மாற்றி அமைப்பது? ஸ்னாப்டிராகன் 410 சிப் உள்ள ஒரு 2015ஆம் வருட போனில் இந்த வேலையைச் செய்து முடித்த பிறகு என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கணினியில் எந்த லினக்ஸைப் போட்டாலும் ஓடுகிறது. போனுக்கு மட்டும் ஏன் மாடலுக்கு மாடல் தனி வேலை?

எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கணினியில் ஒரு வைஃபை கார்டைச் செருகினால், "நான் இன்ன கம்பெனி, இன்ன எண்" என்று அதுவே அறிவித்துக்கொள்ளும். கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதைக் கேட்டு, பொருத்தமான டிரைவரை (அந்த வன்பொருளை இயக்கும் நிரலை) ஏற்றிக்கொள்ளும். போனுக்குள் இருக்கும் பெரும்பாலான சில்லுகள் அப்படிப் பேசாது. டச் சில்லு இரண்டே கம்பிகளில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். அது எந்தக் கம்பியில் இருக்கிறது, என்ன முகவரி, எந்த மின்சார இணைப்பு, விரல் பட்டதைச் சொல்ல எந்தப் பின் (சில்லின் இணைப்புக் கால்) என்பதையெல்லாம் யாராவது முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுக்கும் கோப்புக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர்.

ஒரு உதாரணம். பல பட்ஜெட் போன்களில் ஃபோக்கல்டெக் நிறுவனத்தின் டச் சில்லு இருக்கும். அதன் வழக்கமான முகவரி பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் 38. டிவைஸ் ட்ரீயில் அந்த 38ஐச் சரியாகப் போட்டு, ரீசெட் பின் எண்ணை மட்டும் ஒன்று தள்ளிப் போட்டால், சில்லு தூக்கத்திலிருந்து எழாது. டிரைவர் அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு "பதில் இல்லை" என்று ஒரு வரி எழுதி நிறுத்திக்கொள்ளும். டிரைவரில் கோளாறு இல்லை, சில்லும் நன்றாகத்தான் இருக்கிறது. தவறு அந்த ஒரு எண்ணில். போர்ட் செய்வதில் பெரும்பகுதி நேரம் இப்படிப்பட்ட எண்களைத் தேடுவதில்தான் போகும்.

லினியேஜ்ஓஎஸ் இருக்கும்போது ஏன் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்?

இரண்டும் வெவ்வேறு தேவைகளுக்கானவை. சயனோஜென்மாட் என்ற மாற்று ஆண்ட்ராய்டு 2016 டிசம்பரில் நின்றபோது அதன் தொடர்ச்சியாக வந்தது லினியேஜ்ஓஎஸ். அது முழு ஆண்ட்ராய்டு. உங்கள் ஆப்கள் எல்லாம் ஓட வேண்டும், தினமும் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்றால் அதுதான் சரி. ஆனால் அது தயாரிப்பாளர் கொடுத்த மூடிய டிரைவர் கோப்புகளை நம்பியிருக்கிறது. அந்தக் கோப்புகள் பழசாகிப் போனால், புதிய ஆண்ட்ராய்டை அவற்றின் மேல் உட்கார வைப்பது ஒவ்வொரு வருடமும் கடினமாகிக்கொண்டே போகும். மூலநிரலைத் தொகுக்கவும் சில நூறு ஜிபி டிஸ்க் இடம் வேண்டும்.

போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் 2017ல் தொடங்கியது. அடித்தளம் ஆல்பைன் லினக்ஸ். ஒரு போனுக்குப் பத்து வருட ஆயுள் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் ஆரம்பத்திலேயே குறிக்கோளாக எழுதி வைத்தார்கள். மாடலுக்கு என்று தனியாக இருக்கும் பகுதி மிகச் சிறியது, மற்ற பொதிகள் (நிரல் தொகுப்புகள்) எல்லாப் போன்களுக்கும் பொது. ஒருமுறை நன்றாகப் போர்ட் செய்துவிட்டால், அடுத்த வெளியீட்டுக்கு மறுபடி முதலிலிருந்து போராட வேண்டியதில்லை. பழைய போனைக் காப்பாற்ற இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

என் போன் தேறுமா என்று எப்படிப் பார்ப்பது?

பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள். தேவைப்படுவது இரண்டு தகவல்கள்: சிப் எது, கோட்நேம் (தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு உள்ளுக்குள் வைத்த பெயர்) எது. ஷாவ்மி ரெட்மி நோட் 4 என்ற ஒரே பெயரில் இந்தியாவில் ஸ்னாப்டிராகன் 625 உள்ள போன் வந்தது, அதன் கோட்நேம் மிடோ. சீனாவில் அதே பெயரில் மீடியாடெக் சிப் உள்ள வேறு போன், அதன் கோட்நேம் நிக்கெல். ஒன்றுக்கானதை இன்னொன்றில் போட்டால் ஒன்றும் நடக்காது, அல்லது நடக்கக்கூடாதது நடக்கும்.

சிப் தெரிந்த பிறகு, அதே சிப் உள்ள வேறு போன்கள் ஏற்கெனவே பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். ஸ்னாப்டிராகன் 410க்கும் 845க்கும் தன்னார்வலர்கள் பல வருடம் உழைத்திருக்கிறார்கள். ஒன்பிளஸ் 6, போகோ எஃப்1 இரண்டும் 845தான். அதிகம் அறியப்படாத சிப் என்றால் சிப்பையே முதலில் போர்ட் செய்ய வேண்டியிருக்கும். முதல் முயற்சிக்கு அதை எடுக்காதீர்கள்.

பூட்லோடரைத் திறக்க வேண்டுமா? திறக்க முடியாத போன் என்றால்?

திறந்தே ஆக வேண்டும். போனை ஆன் செய்ததும் முதலில் ஓடும் சிறு நிரல்தான் பூட்லோடர். பூட்டியிருந்தால், தயாரிப்பாளரின் கையொப்பம் இல்லாத கெர்னலை அது ஏற்றாது. திறக்கும்போது போனில் உள்ள எல்லாம் அழியும். போட்டோக்களை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறும். கூகுள் பிக்சலில் அமைப்புகளில் அனுமதித்துவிட்டு ஒரே கட்டளையில் திறக்கலாம். ஹுவாவே 2018ல் திறப்புக் குறியீடு கொடுப்பதையே நிறுத்திவிட்டது. நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு உள்ள சாம்சங் போன்களில், திறந்து வேறு கெர்னலைப் போட்டால் அதன் ஃப்யூஸ் நிரந்தரமாக எரியும், பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. அதிகாரபூர்வ வழி இல்லாத போனை முதல் போர்ட்டுக்கு எடுக்க வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்க அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருப்பது எனக்கு இன்றும் கோபம் தரும் விஷயம். ஆனால் அந்தக் கோபத்தில் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட, திறக்கக்கூடிய ஒரு போனைத் தேடுவது நல்லது.

கெர்னல் மூலநிரல் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் இருக்கிறது. கெர்னலை வைத்துப் போன் விற்பவர், கேட்டால் மூலநிரலைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். எனவே முதலில் எழுத்துமூலம் கேளுங்கள். பலர் கொடுப்பதில்லை, சிலர் அரைகுறையாகக் கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை.

கொடுக்காவிட்டாலும் வழி இருக்கிறது. போனில் இப்போது இருக்கும் பூட் இமேஜை எடுங்கள். "ஆண்ட்ராய்டு" என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதி ஆச்சரியக்குறி போட்டதுதான் அந்தக் கோப்பின் முதல் எட்டு எழுத்துகள். உள்ளே கெர்னல் இருக்கும், பெரும்பாலும் தொகுக்கப்பட்ட டிவைஸ் ட்ரீயும் சேர்ந்தே இருக்கும். டிடிசி என்ற கருவி அதைத் திரும்பவும் படிக்கக்கூடிய எழுத்தாக மாற்றிக் கொடுத்துவிடும். கருத்துரைகள் இருக்காது, பெயர்கள் குறைவாக இருக்கும். ஆனால் நமக்கு வேண்டிய எண்கள் எல்லாம் அதில் இருக்கும்.

டவுன்ஸ்ட்ரீம் கெர்னலா, மெயின்லைன் கெர்னலா?

போனோடு வந்த, தயாரிப்பாளர் மாற்றி எழுதிய கெர்னல் டவுன்ஸ்ட்ரீம். லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிடும் பொதுவான கெர்னல் மெயின்லைன்.

ஸ்னாப்டிராகன் 410 போன்களோடு வந்த கெர்னல் 3.10. அந்தப் பதிப்பு 2013 ஜூனில் வெளிவந்தது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2017ல் நின்றுபோயின. அதை வைத்துப் போர்ட் செய்தால் திரையும் டச்சும் சீக்கிரம் வந்துவிடலாம், மறுக்கவில்லை. ஆனால் ஜிபியூவுக்கு (திரைக் காட்சிகளை வரையும் பகுதிக்கு) ஆண்ட்ராய்டுக்கென எழுதிய மூடிய டிரைவர்தான் இருக்கும், புதிய நிரல்கள் புதிய கெர்னல் வசதிகளைக் கேட்டு நின்றுவிடும். அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

மெயின்லைனில் ஆரம்பம் மெதுவாக இருக்கும். முதல் வாரம் முழுக்கக் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரலாம். ஆனால் அங்கே சேர்த்த ஒவ்வொரு வரியும் நிலைத்து நிற்கும். ஃப்ரீட்ரீனோ என்ற திறந்த மூல டிரைவரில் ஸ்னாப்டிராகன் சிப்பில் உள்ள அட்ரீனோ ஜிபியூ ஓடும், கெர்னலும் காலத்தோடு புதுப்பிக்கப்படும். சிப்புக்கு மெயின்லைன் ஆதரவு இருக்கிறது என்றால் யோசிக்காமல் அதையே எடுங்கள். டவுன்ஸ்ட்ரீம் கெர்னலின் நிரலை அகராதி மாதிரி பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் அதன் சரியான பயன்.

எப்படிப்பட்ட கணினி வேண்டும்?

லினக்ஸ் ஓடும் சாதாரண லேப்டாப் போதும். கொஞ்சம் பழசாக இருந்தாலும் பரவாயில்லை, கெர்னல் தொகுக்க நேரம் கூடும், அவ்வளவுதான். நல்ல யூஎஸ்பி கேபிள் ஒன்று கட்டாயம் வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளில் ஒரு நாள் முழுதும் வீணாகலாம்.

முதல் நாள் எதிலிருந்து தொடங்குவது?

பேக்கப்பிலிருந்து. குறிப்பாக மோடம் (மொபைல் நெட்வொர்க்கோடு பேசும் பகுதி) தொடர்பான சிறு பார்ட்டிஷன்கள் (சேமிப்பகப் பிரிவுகள்). குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் சிப் உள்ள போன்களில் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி, பெர்சிஸ்ட் என்ற பெயர்களில் அவை இருக்கும். உங்கள் போனுக்கு மட்டும் உரிய ஐஎம்இஐ, ரேடியோ அளவுத்திருத்தம் போன்றவை அங்கேதான் இருக்கின்றன. இணையத்தில் தேடினால் கிடைக்காது, பக்கத்து வீட்டுக்காரரின் அதே மாடல் போனிலிருந்தும் எடுத்துப் போட முடியாது. நண்பர் ஒருவர் இடம் காலி செய்வதாக நினைத்து அவற்றை அழித்தார். போன் இன்றும் ஆன் ஆகிறது, ஆனால் சிம் மட்டும் அதில் வேலை செய்வதே இல்லை. எனவே எல்லாவற்றையும் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

அப்புறம் பிஎம்பூட்ஸ்ட்ராப். இதுதான் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போர்ட்டுக்கான முதன்மைக் கருவி, பைத்தானில் எழுதப்பட்டது. உங்கள் கணினியின் மற்ற கோப்புகளைத் தொடாமல், தனியே ஒரு ஆல்பைன் சூழலை உருவாக்கி அதற்குள்ளேயே எல்லாவற்றையும் தொகுக்கும். தொடக்கக் கட்டளையைக் கொடுத்ததும் தயாரிப்பாளர் பெயர், கோட்நேம், சிப் கட்டமைப்பு, ஃப்ளாஷ் செய்யும் (போனில் எழுதும்) முறை என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். பட்டியலில் இல்லாத கோட்நேமைக் கொடுத்தால், புதிய போர்ட் தொடங்குகிறீர்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளும். பழைய பூட் இமேஜைக் காட்டினால், கெர்னலை நினைவகத்தில் எங்கே ஏற்ற வேண்டும் என்பது போன்ற எண்களை அதுவே படித்து எடுத்துக்கொள்ளும்.

கடைசியில் இரண்டு பொதிகள் உருவாகும். ஒன்று போனின் விவரங்கள், இன்னொன்று கெர்னல். சிப்புக்குப் பொதுவான மெயின்லைன் கெர்னல் ஏற்கெனவே இருந்தால் இரண்டாவது தேவைப்படாது, உங்கள் டிவைஸ் ட்ரீயை அதில் சேர்த்தால் போதும்.

ஸ்னாப்டிராகன் 410 என்றால் எல்கே2என்டி பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அது இரண்டாவது பூட்லோடர். போனின் சொந்த பூட்லோடர் இதை ஒரு கெர்னல் என்று நினைத்து ஏற்றும், இது எழுந்து நம்முடைய கெர்னலை ஏற்றும். தயாரிப்பாளரின் பூட்லோடரில் இருக்கும் விசித்திரங்கள் பலவற்றிலிருந்து விடுதலை.

ஃபாஸ்ட்பூட் (கணினியிலிருந்து பூட்லோடருக்குக் கட்டளை அனுப்பும் வழி) உள்ள போன்கள் பலவற்றில் எதையும் எழுதாமல், நினைவகத்தில் மட்டும் ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். முதல் முயற்சியை அப்படியே செய்யுங்கள். பிடிக்கவில்லை என்றால் ரீஸ்டார்ட், பழைய ஆண்ட்ராய்டு வந்துவிடும். சாம்சங்கில் இந்த வசதி இல்லை, ஹெய்ம்டால் கருவியால் எழுதித்தான் பார்க்க வேண்டும்.

திரை கருப்பாகவே இருக்கிறது. போன் செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. புதியவர்கள் மனம் உடைந்து விட்டுவிடுவது இங்கேதான். திரை பிறகுதான் வரும். முதலில் எதிர்பார்க்க வேண்டியது யூஎஸ்பி.

கேபிளைக் கணினியில் செருகி, கணினியின் கெர்னல் பதிவை ஓட விட்டு, போனை ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் புதிய யூஎஸ்பி நெட்வொர்க் சாதனம் வந்திருப்பதாக ஒரு வரி தெரிந்தால், கருப்புத் திரைக்குப் பின்னால் லினக்ஸ் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். போனின் முகவரி 172.16.42.1. டீபக் ஷெல் (பிழை தேடுவதற்கான கட்டளை வசதி) சேர்த்திருந்தால் கணினியிலிருந்து டெல்நெட் வழியாக உள்ளே நுழையலாம், முழுதும் பூட் ஆகியிருந்தால் எஸ்எஸ்ஹெச் வழியாக. எனக்கு அந்த வரி முதல்முறை தெரிந்தது இரவு ஒன்றரை மணிக்கு. போனின் திரையில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. ஆனால் என் லேப்டாப் திரையில் அந்தப் போனின் பேட்டரி சதவீதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

யூஎஸ்பியும் வரவில்லை என்றால்? கெர்னல் விழுந்த இடத்தை அறிய ராம்ஊப்ஸ் உதவும். நினைவகத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கினால், கெர்னல் தன் கடைசிச் செய்திகளை அங்கே எழுதி வைக்கும். மின்சாரம் துண்டிக்கப்படாமல் ரீஸ்டார்ட் ஆனால், அடுத்து வரும் கெர்னலில் அதைப் படிக்கலாம். அதுவும் போதாது என்றால், கெர்னல் செய்திகளை நேரடியாகக் கணினிக்கு அனுப்பும் சீரியல் கம்பி. பல போன்களின் போர்டில் அதற்கான சிறு செம்புப் புள்ளிகள் இருக்கும், நெக்ஸஸ் போன்கள் சிலவற்றில் ஹெட்போன் துளையிலேயே கிடைக்கும். கவனம்: இந்தக் கம்பிகள் பெரும்பாலும் 1.8 வோல்ட். சென்னை ரிச்சி தெருவில் சாதாரணமாகக் கிடைக்கும் 5 வோல்ட் அடாப்டரை அப்படியே தொட்டால் சிப் போய்விடும். வோல்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கம்பெனி லோகோ தெரிந்து, இரண்டு நொடியில் அணைந்துவிட்டால் அது நல்ல செய்தி. பூட்லோடர் திரையை ஓட விட்டிருந்தது, யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்து கெர்னல் அதன் க்ளாக்கை (அதை இயக்கும் மின் துடிப்பை) நிறுத்திவிட்டது. பயன்படாத க்ளாக்குகளை அணைக்காதே என்று கெர்னலுக்கு ஒரு பாராமீட்டர் கொடுத்தால் திரை நிற்கும். பூட்லோடர் அந்த லோகோவை வைத்திருந்த நினைவகப் பகுதியை எளிய ஃப்ரேம்பஃபராக (திரைப் படத்துக்கான நினைவகமாக) டிவைஸ் ட்ரீயில் சொன்னால், சரியான டிரைவர் வரும்வரை எழுத்துகளைப் பார்க்கலாம்.

சரியான திரை டிரைவர் எப்படி எழுதுவது?

திரையை எழுப்ப அனுப்ப வேண்டிய கட்டளை வரிசை தயாரிப்பாளரின் டிவைஸ் ட்ரீயில் எண்களாக இருக்கும். குவால்காம் போன்களுக்கு, அந்த எண்களை வைத்து டிரைவர் நிரலை உருவாக்கித் தரும் ஒரு கருவியைத் தன்னார்வலர்கள் எழுதியிருக்கிறார்கள். கையால் சிறிது திருத்தினால் போதும்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஒரே மாடலில் இரண்டு கம்பெனிகளின் திரை இருக்கலாம். போகோ எஃப்1ல் சில போன்களுக்கு டியான்மா, சிலவற்றுக்கு இபிபிஜி. கெர்னலிலேயே இரண்டுக்கும் தனித்தனி டிவைஸ் ட்ரீ இருக்கிறது. உங்களுக்கு வேலை செய்து, அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கருப்பாக வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

வைஃபை வரவில்லை. இன்னொரு போனின் ஃபர்ம்வேரைப் போடலாமா?

கூடாது, பெரும்பாலும் முடியவும் முடியாது. வைஃபை, மோடம் இரண்டுக்கும் தனி ஃபர்ம்வேர் (அந்தச் சில்லுக்குள்ளேயே ஓடும் நிரல்) உண்டு. தயாரிப்பாளர் கையொப்பமிட்ட கோப்பைத்தான் சிப் ஏற்கும். உங்கள் போனின் பார்ட்டிஷனிலிருந்தே எடுத்துப் பயன்படுத்துங்கள். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸில் மூடிய நிரலாக மிஞ்சுவது பெரும்பாலும் இந்தக் கோப்புகள்தான்.

கால் பேசலாமா? வாட்ஸ்அப், யூபிஐ?

வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றம் வேண்டாம். பழைய முறைக் கால்களும் எஸ்எம்எஸ்ஸும் மோடம் வேலை செய்யும் போன்களில் போகும். வோல்டீ (4ஜி வழிக் குரல் அழைப்பு) பெரும்பாலான போர்ட்களில் இல்லை. ஜியோவில் பழைய முறைக் குரல் அழைப்பே இல்லை என்பதால், ஜியோ சிம் வைத்திருப்பவர் அந்தப் போர்ட்களில் கால் பேச முடியாது. வேடிராய்டு என்ற பெட்டிக்குள் ஆண்ட்ராய்டை ஓட்டிப் பல ஆப்களைப் பயன்படுத்தலாம், ஆனால் வங்கி ஆப்களையும் யூபிஐயையும் அதில் நம்ப வேண்டாம். கேமரா பல போன்களில் வேலை செய்யாது. அன்றாட போனாக அல்ல, இரண்டாவது கருவியாக நினைத்துத் தொடங்குங்கள்.

தமிழ் தெரியுமா?

தெரியும். எழுத்துகளுக்குப் பதில் பெட்டிகள் வந்தால், ஆல்பைன் களஞ்சியத்திலிருந்து நோட்டோ தமிழ் எழுத்துருப் பொதியை நிறுவுங்கள்.

போன் பிரிக் ஆகிவிடுமா, அதாவது செங்கல் மாதிரி செயலற்றுப் போகுமா?

பூட் பார்ட்டிஷனையும் டேட்டா பார்ட்டிஷனையும் மட்டும் தொட்டால் மீட்க முடியாத நிலை வருவது அபூர்வம். பூட்லோடர் இருக்கும் பார்ட்டிஷன்களைத் தொடாதீர்கள். குவால்காம் சிப்பில் இடிஎல் என்ற அவசர நிலை உண்டு, ஆனால் அதைப் பயன்படுத்த அந்தத் தயாரிப்பாளர் கையொப்பமிட்ட கோப்பு வேண்டும். அது எல்லா மாடலுக்கும் கிடைப்பதில்லை.

நான் இதைவிட அதிகம் பயப்படுவது பேட்டரிக்கு. பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தால் பேட்டரி உப்பிவிட்டது. முதலில் அதை மாற்றுங்கள், போர்ட் எல்லாம் அப்புறம்.

எனக்கு புரோகிராமிங் அதிகம் தெரியாது. முடியுமா?

டெர்மினலில் கட்டளை கொடுக்கவும், பிழைச் செய்தியை முழுதாகப் படிக்கவும் தெரிந்தால் தொடங்கலாம். சி மொழி போகப் போகப் புரியும். அதைவிட முக்கியம் ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதன் விளைவு, தேதி. நான் ஒரே இரவில் மூன்று மாற்றங்களைச் சேர்த்துச் செய்து, எதனால் டச் வந்தது என்று தெரியாமல் மறுநாள் மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அதே சிப்பில் நன்றாக ஓடும் வேறு போன் இருந்தால், சில வாரக் கடைசிகளில் திரையும் டச்சும் வைஃபையும் வந்துவிடலாம். ஒலியும் மோடமும் மாதக்கணக்கில் இழுக்கும்.

முடித்ததை எங்கே கொடுப்பது?

திரையே வராவிட்டாலும், யூஎஸ்பி வழியாக உள்ளே நுழைய முடிந்தால் கொடுத்துவிடுங்கள். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸின் பொதிக் களஞ்சியத்தில் டெஸ்டிங் என்ற பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது. எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று மாடலின் விக்கிப் பக்கத்தில் எழுதுங்கள். டிவைஸ் ட்ரீ ஓரளவு முழுமையானதும் மெயின்லைன் கெர்னலுக்கே அனுப்புங்கள். அங்கே பராமரிப்பாளர்கள் வரிக்கு வரி கேள்வி கேட்பார்கள், இரண்டு மூன்று முறை திருத்தி அனுப்ப வேண்டியிருக்கும். என் போனின் கோப்பு இப்போது அந்தச் சுற்றில்தான் இருக்கிறது. போனோ என் மேசை ஓரத்தில் சார்ஜரில் கிடந்தபடி, வீட்டு வைஃபையில் எங்கள் குடும்பப் போட்டோக்களைச் சேமிக்கும் சர்வராக ஓடிக்கொண்டிருக்கிறது.